தேசம்மா பெருக்காத அறை

உட்காருங்கள் தம்பி. நீங்கள் எழுந்து நின்றால் வண்டி எடுத்துவிடுவானா? வியாசர்பாடி தாண்டி, பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் இவன் நிறுத்தினால் நிறுத்தியதுதான். முன்னால் ஒரு எக்ஸ்பிரஸ் போகும். பின்னால் ஒரு கூட்ஸ் போகும். கடைசியில் நாம் போவோம். உட்காருங்கள்.

ஏறும்போதே அந்த ஜன்னலோர இடத்தைக் கேட்டேன். காதில் விழாத மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பரவாயில்லை. இப்போது மட்டும் என்ன வெளியே அப்படிப் பார்க்கிறீர்கள்?

சுவரா? அதைத்தான் வாய்விட்டுப் படித்தீர்களா? "பத்தாம் வகுப்பு, நூறு சதவீதத் தேர்ச்சி." சரியாகத்தான் படித்தீர்கள். பெயின்ட் உரிந்திருக்குமே. கீழே தலைமையாசிரியர் என்று ஒரு பெயர் இருக்கும், பாருங்கள். இன்ஷியல் மட்டும்தான் தெரிகிறதா? மீதியை நான் சொல்கிறேன். ஏகாம்பரநாதன். கோ. ஏகாம்பரநாதன், எம்.ஏ., பி.எட்.

நான்தான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தலைமையாசிரியர் ரயிலில் போகக்கூடாதா? எழும்பூரில் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். சாயங்காலம்தான் பார்ப்பார். மாதாமாதம் போகிறேன். ஆபரேஷன் பண்ணலாம் என்கிறார். நான் பார்க்கலாம் என்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்னால் நூறு வந்ததே கிடையாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். பின்பக்கம் கால்வாய், முன்பக்கம் ரயில்பாதை. அங்கே வருகிற பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் சட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நூறு வாங்கினேன். அதற்கு எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கடைசி ஒரு வருஷம் என் அறையை நானே பெருக்கினேன்.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. தலைமையாசிரியர் அறை. மேஜை, நாற்காலி, பீரோ, தலைவர்கள் படம். அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் துடைப்பம் பிடித்தேன். முதுகு விட்டுப்போனது. இன்றைக்கும் குனிந்தால் பிடித்துக்கொள்கிறது.

தேசம்மாவின் வேலை அது. அவள் செய்யவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கப் பெருக்குவாள். வகுப்பு, வராந்தா, கழிவறை, சத்துணவுக் கூடம், எல்லாம். என் அறை வாசற்படி வரைக்கும் வருவாள். அங்கே நிறுத்துவாள். குப்பையை அள்ளுவாள். போய்விடுவாள். என்ன நியாயம் இது? நீங்கள் சொல்லுங்கள்.

இருங்கள், முதலில் கேளுங்கள். அப்புறம் சொல்லுங்கள்.

தேசம்மா நிரந்தரப் பணியாளர் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த ஆள். கழகம் என்றால் யார்? கையெழுத்துப் போட ஒரு தலைவர் இருப்பார். மற்றபடி நான்தான். வை என்றால் வைப்பார்கள், எடு என்றால் எடுப்பார்கள். நல்ல வேலைக்காரி. அதை நான் மறுக்க மாட்டேன். பியூன் வராத நாளில் மணிகூட அடிப்பாள். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது. வாய் பேச மாட்டாள். "சரி சார்." அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பேச்சு.

அவள் மகன் கிரிதரன் அங்கேயே பத்தாம் வகுப்பு. கிரி, கிரி என்று கூப்பிடுவார்கள். ஒல்லிப் பையன். பக்கத்தில் போனால் மீன் வாசம் வரும். காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் படகு வரும் இல்லையா, அங்கே போய் ஐஸ் உடைத்துப் பெட்டியில் போடுவான். முடித்துவிட்டுக் குளித்துவிட்டு வருவான். வருவான் என்றால் பாதி நாள் வருவான். வந்தால் கடைசி பெஞ்சில் தூங்குவான். தகப்பன் இருந்தான். ஆனால் வீட்டில் இல்லை. எங்கே என்று தேசம்மாவுக்கே தெரியாது.

இந்தப் பையனை வைத்துக்கொண்டு நான் நூறு வாங்க வேண்டும். புரிகிறதா?

நூறு ஏன் வாங்க வேண்டும் என்கிறீர்களா? நல்ல கேள்வி. மீளாய்வுக் கூட்டம் என்று ஒன்று உண்டு. ரிசல்ட் வந்ததும் தலைமையாசிரியர்கள் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் கூட்டுவார்கள். அதிகாரி மேடையில் உட்கார்ந்திருப்பார். தேர்ச்சி குறைந்த பள்ளிக்கூடத்தின் பெயரை வாசிப்பார்கள். அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். நான் நின்றேன். எழுபத்து மூன்று சதவீதம். ஏன் என்றார். அந்த அதிகாரிக்கு என் மகள் வயசு. வறுமை என்றேன், பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள் என்றேன், குடிசையை எடுத்து ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்கள் என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். "காரணம் கேட்கல சார். சதவீதம் கேட்டேன். அப்படியே நில்லுங்க" என்றார். நின்றேன். டீயும் போண்டாவும் கொடுக்க வந்த பையன் எனக்கு எதிரே தட்டை நீட்டிவிட்டு, நான் நிற்பதைப் பார்த்து, நகர்ந்து போய்விட்டான். அந்தப் போண்டாவைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை.

தலை நரைத்த மனுஷன். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்க. நீங்கள் நின்றிருக்கிறீர்களா அப்படி?

வெளியே வந்ததும் இன்னொரு தலைமையாசிரியர் தோளில் கை போட்டார். அவர் பள்ளிக்கூடமும் நம்முடையதைப் போலத்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம். அவருக்குத் தொண்ணூற்றொன்பது. "எல்லாரையும் பாஸ் பண்ண வைக்கிறது ஒரு வழி சார். பாஸ் பண்றவன மட்டும் எழுத வைக்கிறது இன்னொரு வழி. உங்க வயசுக்கு ரெண்டாவதுதான் தோது" என்றார். கண்ணடித்தார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாள் மடையனாக இருந்திருக்கிறேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஒருத்தரைக்கூட அனுப்பவில்லை. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்கள் மேலே போவதற்கு முன்னால், தேறாத பிள்ளைகளின் பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். உட்காரச் சொல்வேன். மற்றவர்கள் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள், தெரியுமா? "அம்மா, பையன் இந்த வருஷம் எழுதினால் தவறிவிடுவான். தவறினால் மனசு உடைந்துவிடும். டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுதட்டும்." இவ்வளவுதான் சொல்வேன். அவர்களே கேட்பார்கள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." அவர்கள் கேட்டார்கள், நான் கொடுத்தேன். வாசகம் மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்கு எழுத வராது இல்லையா?

அடுத்த வருஷம் எழுதினார்களா என்றால்? அது அவர்கள் பொறுப்பு. நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்க முடியுமா?

பையன்கள் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். டி.சி. தாத்தா. ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் டீக்கடைப் பக்கத்திலிருந்து ஒருத்தன் "டி.சி. தாத்தா வரார், ஓடுங்கடா" என்பான். திரும்பினால் எவனும் இருக்க மாட்டான். வேலைவெட்டி இல்லாத கூட்டம். அந்தத் தெருவில் அந்த வருஷம் அப்படிப்பட்ட கூட்டம் ஜாஸ்தி. எங்கிருந்துதான் வந்தார்களோ.

கிரி விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

கணக்கு டீச்சர் வசந்தகுமாரி குறுக்கே வந்தாள். "சார், கிரிதரன் எழுதட்டும் சார். காலாண்டுல எட்டு மார்க்கு. அரையாண்டுல இருபத்தாறு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நான் உக்கார வச்சி சொல்லித் தரேன். ஏறிட்டு வரான் சார்."

"இருபத்தாறு முப்பத்தைந்து ஆகுமா?" என்றேன்.

"மூணு மாசம் இருக்கே சார்."

"ஆகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாயா?"

வகுப்புக்குப் போய்விட்டாள். எல்லோருக்கும் பேச்சு இருக்கும். கையெழுத்து என்றால் இருக்காது.

தேசம்மாவைக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. துடைப்பத்தை வெளியே சாத்திவிட்டு வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்குச் சொல்வதைச் சொன்னேன்.

அவள் அன்றைக்குத்தான் பேசினாள். "எழுதட்டும் சார். ஃபெயிலானா ஆவட்டும் சார். எழுதிட்டு ஃபெயிலாவட்டும்."

"ஒருத்தன் தவறினால் நூறு போச்சு, தெரியுமா? ஒரு பையனுக்காக மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் கெட்ட பெயரா?"

"டீச்சரு வந்துருவான்னு சொன்னாங்க சார். கார்த்தால அஞ்சு மணிக்கே கடலாண்டேர்ந்து வந்து கணக்கு போடறான் சார். ஐஸு வேலைக்கி இப்ப பாதி நாளுதான் போறான். நான்தான் வாணாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். பத்தாவது பாஸ் பண்ணிட்டா ரயில்வேல ஏதோ எழுதலாமாம். எழுதட்டும் சார். உங்க கால்ல..."

"காலில் எல்லாம் விழாதே. பிடிக்காது எனக்கு" என்றேன். உண்மையிலேயே பிடிக்காது.

பிறகு ஒன்று சொன்னேன். இதைத்தான் பின்னால் வசந்தகுமாரி ஊரெல்லாம் மிரட்டல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். மிரட்டல் எல்லாம் இல்லை தம்பி. ஞாபகப்படுத்தினேன். "தேசம்மா, உன் வேலை கழகத்து வேலை. நான் சொன்னால்தான் உண்டு. அதையும் யோசித்துக்கொள்." இவ்வளவுதான். இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது? உள்ளதைச் சொல்வது மிரட்டலா?

அவள் தரையைப் பார்த்தாள். அவளே பெருக்கித் துடைத்த தரை. பளபளவென்று இருந்தது அன்றைக்கு.

"எங்க சார் போடணும்?" என்றாள்.

ஸ்டாம்பு மையை நகர்த்தினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பேனா கேட்டாள். அவள் கைநாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். மகன் சொல்லிக்கொடுத்திருக்கிறான், கையெழுத்துப் போட. தே போட்டாள். யோசித்தாள். ச போட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. ம்-க்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்ப மேலே போய் வைத்தாள். அழகான எழுத்து. அதை நான் சொல்ல வேண்டும். அங்கே இருக்கிற பாதி ஆசிரியர்களின் எழுத்தை விட நன்றாக இருந்தது.

"நல்லா போடறியே" என்றேன். பாராட்டினேன். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

வண்டி நகர்ந்த மாதிரி இருந்ததே? இல்லையா. சரி.

பரீட்சை முதல் நாள். தமிழ் முதல் தாள். எங்கள் பள்ளிக்கூடம்தான் சென்டர். பத்து நிமிஷம் இருக்கும்போது வாட்ச்மேன் மாசிலாமணி ஓடிவந்தான். "சார், கேட்டாண்ட கிரி நிக்கிறான் சார்."

போய்ப் பார்த்தேன். யூனிபார்ம் போட்டிருந்தான். துவைத்து இஸ்திரி போட்டது. தலை வாரி, நெற்றியில் விபூதி. கையில் ஒரு பரீட்சை அட்டை, இரண்டு பேனா. ஹால் டிக்கெட் இல்லை. எப்படி இருக்கும்? அவன் பெயரே போகவில்லையே. உள்ளே விடு என்றுகூடக் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்ற பையன்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றிரண்டு பேர் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தன், விளையாட்டாகத்தான், "என்னா மாமே, மீனு கொண்டாந்தியா?" என்றான். கிரி சிரித்தான்.

தேசம்மாவுக்கு அன்றைக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு. குடமும் டம்ளருமாக வராந்தாவில் நின்றாள். "உன் மகனை அழைத்துப் போ. பறக்கும் படை வருகிற நேரம். என்ன நினைப்பார்கள்?" என்றேன்.

"சரி சார்" என்றாள்.

கேட் வரைக்கும் குடத்தோடு போனாள். என்ன சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, கம்பிக்கு வெளியே நீட்டினாள். மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரியே. அவன் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கிக் குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். போய்விட்டான். மணி அடிக்க நேரம் ஆகிவிட்டிருந்தது. பியூன் வினாத்தாள் கட்டு எடுக்கப் போயிருந்தான். அவள்தான் மணி அடித்தாள்.

நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். கலாட்டா எதுவும் இல்லை.

மே மாதம் ரிசல்ட். நூறு. சுவரில் எழுதச் சொன்னேன். அதைத்தான் படித்தீர்கள். மீளாய்வுக் கூட்டத்தில் அதே அதிகாரி என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். போண்டா இரண்டு சாப்பிட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அன்றைக்கு வந்து நாற்காலியை இழுத்தால் மேஜைமேல் விரல் பதிகிறது, அவ்வளவு புழுதி. லீவில் சேர்ந்த புழுதி. ரயில்பாதை பக்கம் இல்லையா, சொல்லவே வேண்டாம். மறந்திருப்பாள் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே. வராந்தா கண்ணாடியாக இருக்கிறது. என் வாசற்படியில் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. இந்தப் பக்கம் சுத்தம், அந்தப் பக்கம் குப்பை.

கூப்பிட்டுக் கேட்டேன். "சரி சார்" என்றாள். பெருக்கவில்லை. அதட்டினேன். "சரி சார்." பெருக்கவில்லை. அதுதான் அவளுடைய அழுத்தம். எதிர்த்துப் பேசினால் நாம் ஏதாவது செய்யலாம். சரி என்கிறவளை என்ன செய்வது?

வேலையை விட்டு எடுக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். எடுக்க முடியாது தம்பி. உங்களுக்கு உலகம் தெரியவில்லை. அந்தச் சம்பளத்துக்கு அந்தக் கழிவறையைக் கழுவ யார் வருவார்கள்? அவளுக்கு முன்னால் எத்தனை பேர் வந்து இரண்டாம் நாளே ஓடிப்போனார்கள்! கழகத் தலைவரே சொல்லிவிட்டார். "சார், தேசம்மாவ மட்டும் தூக்கிடாதீங்க. பள்ளிக்கூடம் நாறிப்போயிடும்." அவளை எடுக்கவே முடியாது. அது எப்போதுமே அப்படித்தான். எனக்குத் தெரியும்.

என்ன? அப்புறம் ஏன் அவளிடம் அப்படிச் சொன்னேன் என்றா கேட்கிறீர்கள்?

எப்படிச் சொன்னேன்? ஞாபகப்படுத்தினேன் என்றேனே. நீங்கள் வசந்தகுமாரிக்குச் சொந்தமா? விடுங்கள்.

வேறு ஆட்களை விட்டுப் பெருக்கச் சொல்லிப் பார்த்தேன். மாசிலாமணி, "நான் வாட்ச்மேன் சார், துடைப்பம் எடுக்க மாட்டேன்" என்றான். பிள்ளைகளை விடலாம் என்றால், எவனாவது போனில் படம் எடுத்துப் போட்டுவிடுவான், பேப்பரில் வந்துவிடும். சரி, நானே. எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பெருக்குவேன். குப்பையை எங்கே கொட்டுவது? காகிதத்தில் மடித்து, பையில் வைத்து, ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போடுவேன். டிபன் பாக்ஸோடு குப்பையையும் சுமந்தேன். நூறு வாங்கிய தலைமையாசிரியர்.

கிரிக்கு அடிபட்டது அந்த மழைக்காலத்தில்தான். படிப்பு இல்லை என்றானதும் முழுநேரமாக ஐஸ் வேலைக்கே போய்விட்டான். ஐஸ் பாளத்தைத் தள்ளி அரைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் கை போய்விட்டது. வலது கை. கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கிறது என்றார்கள். நடுவில் இல்லை. பாவம்தான். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் வாங்கி, மாசிலாமணியிடம் கொடுத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவன் கொடுத்துவிட்டேன் என்றான்.

இரண்டு நாள் லீவு எடுத்தாள் தேசம்மா. மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள். நான் அறைக்குள் போனால், மேஜைமேல் அந்தப் பழப்பை இருக்கிறது. கட்டுகூடப் பிரிக்கவில்லை. அவள் வைத்தாளா, யார் வைத்தார்கள் என்று தெரியாது. நான் தொடவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். நான் திருப்பி எடுப்பேனா? அவளே எடுத்துப்போகட்டும் என்று விட்டேன். அவளும் எடுக்கவில்லை. அழுகியது. எறும்பு வந்தது. ஈ வந்தது. தண்ணீர் வடிந்து மேஜை விரிப்பில் கறை ஆகிவிட்டது. பார்வையிட வந்த ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சார் இது, உங்க ரூம்தான் இந்த ஸ்கூல்லயே மோசம்" என்றாள்.

அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது. வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, என் ரூம் என்ன பாவம் பண்ணிச்சு? வாயத் தொறந்து சொல்லு."

துடைப்பத்தை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"அந்த ரூம்ல நான் கையெழுத்து போட்டுட்டேன் சார். அதோட அங்க எனக்கு வேல முடிஞ்சிபோச்சி."

என்ன பேச்சு இது? கையெழுத்துக்கும் துடைப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு விளங்கவில்லை. பழப்பையை நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். சட்டையில் ஒட்டின நாற்றத்துக்கு வண்டியில் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

ரிடையர்மென்ட் அன்று மாலை போட்டார்கள். எல்லோரும் பேசினார்கள். வசந்தகுமாரிகூட இரண்டு வார்த்தை பேசினாள், சார் நேரம் தவறாதவர் என்று. அப்புறம் விருந்தினர்களை என் அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். அறை சுத்தமாகத்தான் இருந்தது. காலையிலேயே வந்து பெருக்கிவிட்டேன். ஒரு வட்டார அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆயா நல்லா வச்சிருக்கு சார்" என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது ஒரு அம்மாள் தலைமையாசிரியர். மாசிலாமணி போனில் சொல்வான். எல்லோரையும் எழுத விடுகிறாளாம். வருகிறவன் போகிறவன் எல்லாம் எழுதலாமாம். விட்டுப்போன பையன்களையெல்லாம் வீட்டில் போய்க் கூப்பிடுகிறாளாம். கிரியைக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தாளாம், எழுத ஆள் போட்டுத் தருகிறேன் வா என்று. அவன் வரவில்லை. துறைமுகத்தில் எங்கோ வலை பிரிக்கிறானாம், இருக்கிற விரலால். பள்ளிக்கூடத்துப் பக்கமே வருவதில்லையாம். போன வருஷம் அந்த அம்மாளுக்கு எண்பத்தாறு. எண்பத்தாறு! மீளாய்வுக் கூட்டத்தில் நிற்கிறாள். போய் நிற்கிறாள், வருகிறாள், திரும்ப எல்லோரையும் எழுத விடுகிறாள். வெட்கம் இல்லை.

தம்பி, ஒரு உதவி. நீங்கள் ஜன்னலோரம் இருக்கிறீர்கள். என் கண்ணுக்கு இவ்வளவு தூரம் எட்டாது. ஜன்னலோரம் என்றால் கொஞ்சமாவது தெரியும், அதற்குத்தான் இடம் கேட்டேன். கொடிக்கம்பம் தெரிகிறதா? அதற்குப் பின்னால் நீலக் கதவு. ஆமாம், கடைசி அறை, தலைமையாசிரியர் அறை. பள்ளி விட்டுவிட்டது, பெருக்குகிற நேரம் இது. வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா? பச்சைப் புடவையா? குட்டையாகவா? ஒரு தோள் கொஞ்சம் இறங்கி இருக்குமே. அவள்தான்.

எதுவரைக்கும் வந்திருக்கிறாள்? மூன்றாவது தூணா. பாருங்கள், நீலக் கதவு வந்ததும் நிறுத்துவாள் பாருங்கள். குனிந்து அள்ளுவாள். மாசிலாமணி வேறு மாதிரி சொல்கிறான். அவன் பொய்யன். துடைப்பம் எடுக்க மாட்டேன் என்றவன்தானே. அவனை நான் நம்பவில்லை. அதனால்தான் இந்த வண்டியில் வருகிறேன். இது நிற்கிற அன்றைக்கு அவள் இருக்க மாட்டாள். அவள் இருக்கிற அன்றைக்கு இது நிற்காது.

நிறுத்திவிட்டாளா?

சரியாகப் பாருங்கள். கதவுக்கு முன்னால்தானே நிற்கிறாள்?

உள்ளேயா?

யார் நாற்காலியை எடுத்து வெளியே வைக்கிறது? அந்த அம்மாளா? தலைமையாசிரியரேயா? இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களா? தேசம்மாவா பேசுகிறாள்? அவள் பேச மாட்டாளே தம்பி. நன்றாகப் பாருங்கள், வேறு யாராவது இருக்கும். பச்சைப் புடவைதான் என்கிறீர்கள். சிரிக்கிறாளா?

குப்பையை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாளா?

சரி.

எண்பத்தாறு வாங்குகிறவள் அறை.

வண்டி எடுத்துவிட்டான். அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்கள். தூசி வருகிறது.